முழங்கால் உயரப் பீடம்

சிலை வாங்கத்தான் மதுரைக்கு வந்தேன். கோயில் பார்க்க வரவில்லை. முன்னோர்கள் பிறந்த ஊரைத் தேடியும் வரவில்லை. அது எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரியாமலே நன்றாகத்தான் இருக்கிறோம்.

மலேசியாவின் பேராக்கில் நாங்கள் வேலை செய்து குடியிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை விற்றபோது எங்களைத் தெருவில் விடப் பார்த்தார்கள். விடாமல் சண்டை போட்டு, பக்கத்திலேயே வரிசை வீடுகள் கட்டிக்கொடுக்க வைத்தவர் அப்போதைய எங்கள் சட்டமன்ற உறுப்பினர். நாங்கள் அவரை ஐயா என்போம். ஐயா இப்போதும் நன்றாக இருக்கிறார். அவருக்குக் கோயில் மண்டபத்தின் முன்னால் சிலை வைக்க வேண்டும் என்று எங்கள் குடியிருப்புக் குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது சிலை ஆகாது என்று மீதிப் பேர் சொன்னார்கள். தீபாவளியில் ஆரம்பித்த வழக்கு தைப்பூசம் வரை ஓடியது.

கடைசியில் குழுத்தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நீதான் சும்மா சுத்திக்கிட்டு இருக்க. மதுரைப் பக்கம் போயிட்டு வா. அங்க உசுரோட இருக்கிறவங்களுக்கும் வைக்கிறாங்களாம். பாத்து, சரின்னு பட்டா ஆர்டர் குடுத்துட்டு வா. இல்லன்னா கைய வீசிக்கிட்டு வந்துரு." ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனிடம் இப்படித் தீர்ப்பை ஒப்படைத்தார்கள்.

மதுரையில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்து ஒன்றில் அறை கிடைத்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. சரக்குக் கப்பலில் வேலை செய்து நாடு நாடாகப் போன காலத்தில், சமையற்கட்டுக்குப் பின்னால் மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கியவன் நான். இது போதும்.

காலையில் தெருமுனையில் பருத்திப்பால் வண்டி நின்றது. பருத்தி விதையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே தேங்காய்த் துருவல் தூவிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் சோயாப் பாலை இதன் பக்கத்தில் வைத்தால் அது வெறும் தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்த பிறகு மத்தியானம் வரை பசியே இல்லை.

எதிரே ஒரு தலைவர் சிலை, இரும்புக் கூண்டுக்குள் நின்றது. அதற்கு முன்தினமே நான் இன்னும் சில கூண்டுகளைப் பார்த்திருந்தேன். பீடம் ஆளுயரம், அதற்கு மேல் சிலை, சிலையைச் சுற்றிக் கம்பி. ஒரு பக்கம் பூட்டு. எதற்கு என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"கூண்டு இல்லேன்னா யாராச்சும் கைய ஒடச்சுப்புடுவாய்ங்க. அப்பறம் பஸ்ஸு ஓடாது, கடை தெறக்காது. ஊரு நல்லா இருக்கணும்னா தலைவரு உள்ளதாண்ணே இருக்கணும்."

பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர், "செத்தும் ஜெயிலு" என்றார். இருவரும் சிரித்தார்கள். மலேசியாவில் தலைவர்களுக்குச் சிலைகள் அதிகம் இல்லை, ஆகவே கூண்டுகளும் இல்லை.

கப்பலூரில் ஒரு சிலைப் பட்டறை இருப்பதாக அறைக்காரர் சொல்லியிருந்தார். திருமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். பசுமலை தாண்டியதும் பஸ் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் எழுந்து இறங்கிவிட்டார்கள். பள்ளி ஆசிரியர் போலிருந்த ஒருவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தன் பையைப் பெண்கள் பக்கம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நானும் தள்ளினேன். எங்கள் ஊரில் என்றால் வேறு பஸ் வரும் வரை உள்ளே உட்கார்ந்து நிறுவனத்தைத் திட்டியிருப்போம். இங்கே திட்டிக்கொண்டே தள்ளினார்கள், பஸ் கிளம்பியது.

பட்டறை, சிறு தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதன் உரிமையாளர் அருளப்பன். ஐம்பது வயதிருக்கும், தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. உள்ளே மாதா சொரூபங்களும் புனிதர்களும் ஒரு பக்கம், வேட்டி கட்டிய அரசியல் தலைவர்கள் இன்னொரு பக்கம். இடம் போதாமல் சிலர் கலந்தும் நின்றார்கள். ஒரு புனிதரின் தோளில் யாரோ ஒரு மாவட்டச் செயலாளரின் கையைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

ஐயாவின் படத்தைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆளு இருக்காரா, போயிட்டாரா?"

"இருக்காருண்ணே."

அருளப்பன் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எங்க சபையில ஒருத்தரப் புனிதர்னு சொல்லணும்னா அவரு செத்தப்பறம் உக்காந்து விசாரிப்பாக. அதுக்குக் காரணம் இருக்கு. செத்தவரு இனிமே தப்புப் பண்ண மாட்டாரு. உசுரோட இருக்கிறவரு சிலை காயறதுக்குள்ள கட்சி மாறிருவாரு. ஒருத்தருக்குத் துண்டு கலரை மூணு தடவ மாத்தி அடிச்சிருக்கேன். நாலாவது தடவ வெள்ளையா அடிச்சு விட்டுட்டேன், இனிமே எந்தக் கட்சிக்குப் போனாலும் சரின்னு."

"அப்ப வேணாங்கிறீகளா?" அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம்னா சொன்னேன்? பொழப்பு இருக்குல்ல." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "திருமங்கலம் தாண்டிக் கருவேலநத்தம்னு ஒரு ஊரு. அங்கன ஒரு பொம்பளைக்குச் சிலை செஞ்சு குடுத்தேன், உசுரோடதான் இருக்காக. அதப் போயி பாருங்க. பாத்துட்டும் வேணும்னா வாங்க, செய்வோம்."

மறுநாள் போனேன். பஸ் நான்கு வழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக இறக்கிவிட்டது. ஊர் அந்தப் பக்கம். கடப்பதற்குக் கீழ்ப்பாலம் கிடையாது. லாரிகளுக்கு நடுவில் இடைவெளி பார்த்து ஓடினேன்.

ஊர் முகப்பில் ஒரு டீக்கடை, அதை ஒட்டி சிலை. கூண்டு இல்லை. பீடம் என் முழங்கால் உயரம்தான். நடுவயதுப் பெண்ணொருத்தி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். முகம் பிரமாதமாக வந்திருந்தது. யாரோ ஏதோ சொல்ல, பாதி கேட்டுவிட்டு பதில் சொல்லப் போகிற முகம். ஆனால் கழுத்தில் மாலைக்குப் பதிலாகக் கயிறு கட்டி, அதில் பிளாஸ்டிக் குடங்கள் தொங்கின. பச்சை, நீலம், ஆரஞ்சு. எல்லாம் காலி. லாரி போகும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

டீக்கடைக்காரர் காசியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, யாரோ சிலைய அவமானப்படுத்திட்டாங்க!"

"அவமானமில்ல தம்பி, வேல நடந்துக்கிட்டு இருக்கு. டீ குடிக்கிறீகளா?"

டீயோடு அவர் சொன்ன கதை இது. சிலையில் நிற்பவர் பேச்சியம்மா, இந்தப் பகுதியின் ஒன்றியத் தலைவராக இருந்தவர். எல்லோருக்கும் சேர்மனம்மா. அவர் வருவதற்கு முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் தண்ணீருக்கு நான்கு வழிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்து மோட்டார்க் கிணற்றுக்குப் போனார்கள். கிழக்குத் தெரு செல்வியின் நாத்தனார் குடத்தோடு அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தாள். சேர்மனம்மா அலையாய் அலைந்து குழாய் கொண்டுவந்தார். அந்தச் சந்தோஷத்தில் ஊரே சேர்ந்து சிலை வைப்பது என்று முடிவாயிற்று.

"அந்தம்மா ஒத்துக்கிருச்சா?"

"எங்கன ஒத்துக்கிருச்சு? 'நான் எப்படா சாவேன்னு பாக்குறீகளா'ன்னு வைஞ்சுச்சு. பொம்பளைக கூடிப் போயி சொன்னாளுக, 'செத்தவுகளுக்கு வச்சா மாலை போடலாம், கேள்வி கேக்க முடியாது. ஒனக்கு வைக்கிறது மாலை போட இல்ல. தண்ணி வரலேன்னா குடத்தை ஒங் கழுத்துல மாட்டுவோம், நீ வந்து கழட்டணும். வரலேன்னா சிலையத் தூக்கிக் கண்மாய்க்குள்ள போட்டுருவோம்'னு. அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிருச்சு. அப்பறம், 'அப்பன்னா பீடத்தைக் கொறைங்கடி, ஒங்களுக்கு எட்டணும்ல'ன்னுச்சு."

பொது இடத்தில் வைத்தால் வழக்கு வரும் என்று காசி தன் பட்டா நிலத்தில் இடம் கொடுத்திருக்கிறார். திறப்பு விழாவில் நடந்ததைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. திருமங்கலத்திலிருந்து மைக்கில் பேச ஆள் கூட்டி வந்தார்களாம். அவர் அதுவரை திறந்த சிலையெல்லாம் இறந்தவர்களுடையது. துணியை விலக்கியதும் வாய்ப் பழக்கத்தில், எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொண்டார். கூட்டமும் பழக்கத்தில் எழுந்து நின்றது.

"சேர்மனம்மாவும் எந்திரிச்சுத் தலையக் குனிஞ்சு நின்னுச்சு தம்பி! செல்விதான் கத்துனா, 'அடேய், ஆளு இங்கன உசுரோட நிக்கிதுடா'ன்னு."

நான் சிரித்து முடிக்கும்போது செல்வியே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். கையில் இன்னொரு காலிக் குடம். அதையும் கயிற்றில் மாட்டிவிட்டு, சிலையின் முகத்தைப் பார்த்து, "வாரியா இல்லையா?" என்று கேட்டாள்.

சாலைக்கு அகலம் கூட்டுகிறார்கள். பொக்லைன் தோண்டியதில் குழாய் உடைந்துவிட்டது. ஊராட்சியில் கேட்டால் சாலைக்காரரைக் கை காட்டுகிறார்கள், சாலைக்காரர் குடிநீர்க்காரரைக் கை காட்டுகிறார். பெண்கள் மறுபடியும் குடத்தோடு சாலையைக் கடக்கிறார்கள். அன்று காலை செல்வியின் மகள் கடந்திருக்கிறாள். வண்டி ஒன்று உரசிப் போனதில் குடம் மட்டும் போயிற்று.

சிக்கல் என்னவென்றால், சேர்மனம்மா இப்போது சேர்மன் இல்லை. போன தேர்தலில் தோற்றுவிட்டார். திருமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார், முழங்கால் வலி. தோற்ற பிறகு குடம் ஏறுவது இதுதான் முதல் தடவை. டீக்கடையில் இருந்த ஒருவர், "பதவியில இல்லாத ஆளைப் போயி கூப்புடலாமா, ஞாயமா?" என்றார்.

"சிலைக்குப் பதவி போகலையே மாமா," என்றாள் செல்வி.

"நீ ஓட்டே அந்தக்காவுக்குப் போடலையேத்தா!"

"ஓட்டு வேற, குடம் வேற."

வரவில்லையென்றால் சொன்னபடி சிலையை எடுத்துவிட வேண்டும், அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. கம்பிப் பாரையைக்கூடக் காசி கடைக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தார். போன் செய்து சொல்லலாமே என்றேன். அது முறையில்லையாம். கூப்பிடக் கூடாது. பஸ்காரர்கள் பார்த்துவிட்டுத் திருமங்கலத்தில் சொல்லுவார்கள். அவராகத்தான் வர வேண்டும்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முட்டைப் பணியாரமும் காரச் சட்னியும் கொடுத்தார்கள். தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஐயாவை நினைத்துக்கொண்டேன். அவர் கோலாலம்பூருக்குப் போய்விட்டார், தீபாவளிக்கு வந்து எல்லோருக்கும் கை கொடுப்பார். எங்கள் வரிசை வீடுகளுக்கு இன்னும் பத்திரம் வரவில்லை. அதை அவரிடம் கேட்க எல்லோருக்கும் மனமுண்டு, அந்த நேரத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்று நகர்ந்தது. நரைத்த தலையோடு ஒரு பெண் மட்டும் சாலையோரம் நின்றார்.

"வந்துருச்சு," என்றார் காசி. யாரும் ஓடிப்போய்க் கூட்டி வரவில்லை. அவர் ஒரு காலை இழுத்து வைத்தார். ஒரு லாரி ஒலியெழுப்பியது, பின்வாங்கினார். மறுபடி இறங்கினார். நடுத்திட்டில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு இந்தப் பக்கம் ஏறினார்.

"வெறுங்கையோட கடக்கவே எனக்கு இம்புட்டு நேரமாகுது," என்றார் வந்ததும். "குடத்தோட எப்படிடி போறீக?" பிறகுதான் சிலையைப் பார்த்தார். குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது செல்வி குடம். இது மாரி வீட்டுது. எல்லாம் கெழக்குத் தெரு. ஏத்தா, கெழக்குத் தெருவுல எனக்கு எம்புட்டு ஓட்டு விழுந்துச்சுன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா," என்றாள் செல்வி. "அதான் நாங்க மொதல்ல மாட்டுனோம். ஒனக்கு ஓட்டுப் போட்டவளுக கூச்சப்படுறாளுக."

சேர்மனம்மா சிரித்துவிட்டார். அந்நேரத்துக்கு ஒன்றிய அலுவலகம் மூடியிருக்கும். "தண்ணியில்லாத வீட்டுலயே என்னையப் படுக்கப் போடு, ஒன் கஷ்டம் தெரியட்டும்" என்று செல்வி வீட்டுக்கே போனார். நான் காசியின் பெஞ்சில் படுத்தேன். கொசு மலேசியக் கொசுவைவிடப் பெரிது, ஆனால் சோம்பேறி.

காலையில் அவர் சிலையின் கழுத்திலிருந்து கயிற்றைக் குடங்களோடு கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். தண்ணீர் வராமல் கழற்றக் கூடாதே என்று ஒரு பெண் கேட்டாள். "கழட்டல, எடம் மாத்துறேன்" என்றார். பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு குடத்தோடு திருமங்கலம் பஸ்ஸில் ஏறினார்கள். அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் வாங்கியது நான் ஒருவன்தான்.

நடத்துநர் நிற்க இடமில்லாமல், "ஆளுக்குத்தான் ஃப்ரீம்மா, குடத்துக்குக் கெடையாது" என்றார்.

"உள்ள ஆளு இருந்தா டிக்கெட் போடுண்ணே," என்று செல்வி குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. நடத்துநர் தானே இரண்டு குடங்களை வாங்கிப் படிக்கட்டுப் பக்கம் வைத்தார்.

சேர்மனம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு என் விஷயத்தைச் சொன்னேன். உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா வைக்கலாம். வச்சவுகளுக்கு நல்லது," என்றார். "செத்தவுக சிலைக்கு முன்னால, அவுக என்ன செஞ்சாகன்னு பேசுவாய்ங்க. என் சிலைக்கு முன்னால, நான் என்ன செய்யலைங்கிறதுதான் பேச்சு. நெனச்சுப் பாருங்க, ஒருத்தி எப்படித் தூங்குறது?"

ஒன்றிய அலுவலகத்தில் அவரைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்தார்கள், பிறகு எழுந்திருக்க வேண்டியதில்லை என்று நினைவு வந்தது போல உட்கார்ந்தார்கள். பொறியாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். பெண்கள் குடங்களைப் படிகளில் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். உள்ளே போகிறவரும் வருகிறவரும் குடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் தாண்டவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. காலிக் குடத்தைக் காலால் தாண்ட இவர்களுக்கு மனம் வரவில்லை.

பொறியாளர் தானே வெளியே வந்தார். சின்ன வயது, மரியாதையான பையன். "அம்மா, இது எங்க வேல இல்ல, ரோடு போடுறவங்க ஒடச்சது."

"தம்பி, யாரு ஒடச்சாங்கிறது எனக்குத் தேவையில்ல. இவளுக எங் கழுத்துல மாட்டிட்டாளுக. நான் ஒங்கிட்ட வந்துட்டேன். நீ யாரு கழுத்துல மாட்டணுமோ மாட்டு. ஆனா இன்னைக்கு மாட்டு."

அவர் அங்கேயே நின்று போனை எடுத்தார். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஆளோடு குரலை உயர்த்திப் பேசினார். மத்தியானத்துக்குள் தண்ணீர் லாரி ஒன்று கருவேலநத்தத்துக்குக் கிளம்பியது. குழாய் வேலைக்காரர்களும் அதன் பின்னாலேயே வந்தார்கள். சேர்மனம்மா வெயிலில் குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, கடைசித் திருகு இறுகும் வரை எழுந்திருக்கவில்லை. கிழக்குத் தெருக் குழாய் முதலில் காற்றை விட்டது, பிறகு செம்மண்ணாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. செல்வி முதல் குடத்தைப் பிடித்து சேர்மனம்மாவின் முழங்காலில் ஊற்றி நீவிவிட்டாள்.

நான் பார்த்த எத்தனையோ நாடுகளில் தலைவர்கள் மேடையில் நிற்க, ஜனங்கள் கீழே நிற்பார்கள். ஒரு தலைவியின் காலை, அவருக்கு ஓட்டுப் போடாதவள் பிடித்துவிடுவதை இங்கேதான் பார்த்தேன்.

"போதும்டி," என்றார் சேர்மனம்மா. "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எனக்கு முடியல. இந்தச் சிலைய எடுத்துருங்க. புதுத் தலைவரு இருக்காருல்ல, அவருக்கு ஒண்ணு வச்சுக்கங்க."

"கேக்காமயா இருந்தோம்?" என்றார் காசி. "பொம்பளைகளோட நானும் போனேன். அவரு எந்திரிச்சுக் கும்புட்டாரு. 'நான் சாதாரணத் தொண்டன், எனக்கெல்லாம் எதுக்குச் சிலை, உசுரோட இருக்கிறவனுக்கு வைக்கிறது மரபில்ல'ன்னுட்டாரு. அம்புட்டுப் பணிவு!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சேர்மனம்மா சிரிக்கவில்லை. தன் சிலையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நாந்தான் நிக்கணும்," என்றார். பஸ் வந்தது. இந்த முறை அவர் படியேறும்போது செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் அதே பஸ்ஸில் ஏறி, கப்பலூரில் இறங்கினேன். அருளப்பன் கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஐயாவின் படத்தைக் கொடுத்தேன். பீடம் முழங்கால் உயரம்தான், கூண்டு வேண்டாம் என்றேன்.

"ஒங்க ஐயாட்ட கேட்டீகளா?"

"இல்லண்ணே."

"கூப்புட்டா வருவாரா?"

"வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அருளப்பன் பூட்டை மறுபடி திறந்து விளக்கைப் போட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்த்தார்.

"கழுத்துக்குள்ள கம்பியக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தாரேன்," என்றார். "இங்கன குடம். ஒங்க ஊர்ல என்னத்த மாட்டப் போறாய்ங்களோ."